சைலன்சர் ஓட்டை: வெளியே போவது சத்தம் மட்டுமல்ல



ஒரு காலத்தில் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் அது துரைமாருக்கும் கணக்கப்பிள்ளைமாருக்கும் உரிய சாமான். இன்று அப்படியல்ல. கொழும்பில் வேலை செய்து திரும்பிய தம்பிமார், டவுனுக்குப் போய் வரும் தொழிலாளர்கள், மரக்கறி ஏற்றுகிறவர்கள் என்று லயத்துக்கு லயம் இரண்டு மூன்று வண்டிகள் நிற்கின்றன. இது நல்ல முன்னேற்றம்தான். இராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், லொறி வரும்வரை காத்திருந்த காலம் போய்விட்டது.

ஆனால் வண்டி வாங்கும்போது இருக்கிற கவனம் அதைப் பராமரிப்பதில் இருப்பதில்லை. டயரைப் பார்க்கிறோம், பிரேக்கைப் பார்க்கிறோம், செயினுக்கு ஒயில் விடுகிறோம். சைலன்சரை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. "சத்தம் கொஞ்சம் கூடத்தானே? ஓடுது தானே, ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறோம். சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகி, முழு சைலன்சரும் கையோடு கழன்று வரும்போதுதான் கராஜுக்கு ஓடுகிறோம். அப்போது சிறிய செலவு பெரிய செலவாகி விடுகிறது. பணத்தைவிடப் பெரிய நட்டமும் ஒன்று இருக்கிறது. அது பிள்ளைகளின் மூச்சோடு சம்பந்தப்பட்டது. இப்பாடத்தில் அவ்விரண்டையும் பற்றிப் பார்ப்போம்.

சைலன்சர் என்ன வேலை செய்கிறது?

என்ஜினுக்குள் பெற்றோல் எரிந்து முடிந்ததும் சூடான புகை பெரும் வேகத்தோடு வெளியே பாய்கிறது. அப்படியே விட்டால் ஒவ்வொரு தடவையும் வெடி வெடித்தது போல இருக்கும். அந்தப் புகையை வளைந்த குழாய் வழியாகப் பின்னால் கொண்டுபோய், சைலன்சர் டப்பாவுக்குள் இருக்கும் அறைகளிலும் துளையுள்ள குழாயிலும் மோதவிட்டு, வேகத்தைக் குறைத்து வெளியே விடுகிறார்கள். உள்ளே இருக்கும் அந்தத் துளைக் குழாயைத்தான் கராஜில் பஃபிள் என்கிறார்கள்.

ஆகவே சைலன்சருக்கு மூன்று வேலை. ஒன்று, சத்தத்தை அடக்குவது. இரண்டு, விஷப் புகையை ஓட்டுபவரையும் பின்னால் இருப்பவரையும் தாண்டிக் கொண்டுபோய் விடுவது. மூன்று, என்ஜின் மூச்சுவிடும் அளவைச் சரியாக வைத்திருப்பது. நாம் பெரும்பாலும் முதல் வேலையை மட்டுமே நினைக்கிறோம். உயிரோடு சம்பந்தப்பட்டது இரண்டாவது வேலை.

நமது மலைகளில் ஏன் சீக்கிரம் உக்கிப்போகிறது?

பலர் சொல்வது "மழைத் தண்ணி பட்டு துருப்பிடிச்சது" என்று. அது பாதி உண்மை. மீதிப் பாதி உள்ளே இருந்து வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். பெற்றோலில் இருக்கும் ஐதரசன் காற்றில் இருக்கும் ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த நீராவி வெளியே போய்விடும். குளிர்ந்திருந்தால் உள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். குளிர் காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நமது வண்டிகள் எங்கே ஓடுகின்றன? லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு அரை மைல். அங்கிருந்து கடைக்கு ஒரு மைல். சைலன்சர் சூடாகும் முன்பே என்ஜினை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் உள்ளேயே தங்கி, புகையில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து, இரும்பை உள்ளிருந்து தின்கிறது. வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். உள்ளே கடதாசி போல மெலிந்திருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் உள்ளே காய்ந்துவிடும்.

இன்னும் சில காரணங்களும் உண்டு. கல் ரோட்டில் சைலன்சரின் அடிப்பக்கம் அடிபடுகிறது. பாலம் போடாத கானைத் தாண்டும்போது உரசுகிறது. உர மூட்டை ஏற்றினால் உரத்தூள் விழுந்து, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கிறது. உரம் ஏற்றிய அன்றே, வண்டி ஆறிய பிறகு, சைலன்சரைத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. நுனிக் குழாய்க்குள்ளும் தண்ணீர் அடிக்கக்கூடாது.

ஒரு முக்கியமான விஷயம். பல சைலன்சர்களின் அடியில் ஊசித் துவாரம் போலச் சின்ன ஓட்டை ஒன்று கம்பனியே போட்டிருக்கும். உள்ளே தங்கும் தண்ணீர் வடிவதற்காக வைத்தது அது. ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள். விளிம்பு வட்டமாகவும் சுத்தமாகவும் இருந்தால் அது கம்பனி ஓட்டை. விளிம்பு கிழிந்து துரு உதிர்ந்தால் அது உக்கின ஓட்டை.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

பெற்றோல் புகையில் கார்பன் மொனொக்சைட் என்ற வாயு இருக்கிறது. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் காபனோரொட்சைட்டு என்று இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நமது இரத்தம் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்வதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் காற்று இருந்தும் உடம்புக்கு மூச்சு கிடைக்காமல் போகிறது. குளிரில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்யும்போது இந்த வாயு மிக அதிகமாக வெளியேறும்.

நமது வாழ்க்கை முறையை இங்கே யோசித்துப் பார்க்க வேண்டும். களவு போய்விடும் என்ற பயத்தில் இரவில் வண்டியை இஸ்தோப்புக்குள் ஏற்றி வைக்கிறோம். விடிகாலையில் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டே, அங்கேயே ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடாகட்டும் என்று விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறோம். உள்ளே காம்பராவில் பிள்ளைகள் தூங்குகின்றன. சில பழைய லயங்களில் தடுப்புச் சுவர் கூரை வரை முட்டாது. ஆகவே நம் வீட்டுப் புகை அடுத்த வீட்டுக்கும் போகும். சைலன்சர் புதிதாக இருந்தாலும் இது ஆபத்து. சைலன்சரோ வளைவுக் குழாயோ ஓட்டையாக இருந்தால் புகை வாசல் பக்கம் போகாமல் நடுவிலேயே கொட்டுகிறது.

ஓடும்போதும் அப்படித்தான். என்ஜின் பக்கத்து மூட்டு விட்டிருந்தால், புகை ஓட்டுபவரின் முகத்துக்கும், பெற்றோல் டாங்கியில் முன்னால் உட்கார வைத்த பிள்ளையின் முகத்துக்கும் நேராக வருகிறது. (பிள்ளையை அப்படி உட்கார வைப்பதே தவறு என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.)

தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, கால் கை சோர்வு ஆகியவை இந்த விஷத்தின் அடையாளங்கள். தடிமல் காய்ச்சல் என்று நினைத்துவிடுவோம். ஆனால் காய்ச்சல் இருக்காது. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வரும். வெளிக்காற்றுக்கு வந்தால் கொஞ்சம் தெளியும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் இது மிகவும் கெடுதி. யாராவது மயங்கினால் உடனே வெளியே தூக்கி வந்து, நல்ல காற்றில் வைத்து, 1990 என்ற இலக்கத்துக்குச் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். எலுமிச்சம்பழம் கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

எனவே முதல் சட்டம் இதுதான்: வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து, நுனிக் குழாயை வாசலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கல்லில் ஏறும் வண்டிகள் சொல்லும் பாடம்

நமது தோட்டங்களில் எடின்பரோ, ஹோலிரூட் என்று ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்கள் இருப்பது தெரிந்ததே. அந்த ஸ்கொட்லாந்து மலைகளில் ஒவ்வொரு வருடமும் ஆறு நாட்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போட்டி நடக்கிறது. 1909 இல் தொடங்கிய பழைய போட்டி அது. ட்ரையல்ஸ் என்று பெயர். அதில் வேகத்துக்குப் புள்ளி இல்லை. வழுக்குப் பாறை, ஓடை, செங்குத்து மேடு இவற்றில் காலைத் தரையில் ஊன்றாமல் ஏற வேண்டும். ஊன்றினால் தண்டப் புள்ளி. 1965 இல் சமி மில்லர் என்ற வீரர் ஸ்பெயின் நாட்டு புல்ட்டாக்கோ வண்டியில் இதில் வெற்றி பெற்றார். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட இலேசான 2-ஸ்ட்ரோக் வண்டிகள் இப்போட்டிகளில் பெருகின.

இதை ஏன் சொல்கிறோம்? அந்த வண்டிகள் போகிற பாதை நமது மலைப்பாதை மாதிரியானது. கல்லில் அடிபடும் என்பதால் சைலன்சரை அடியில் தொங்க விடாமல், பின் மட்காட்டுக்குப் பக்கத்தில் உயர்த்தி, சட்டத்துக்கு உள்ளே ஒதுக்கி வைக்கிறார்கள். நமது வண்டியில் அப்படி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் மூன்று பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வண்டி விழுந்து எழும்பினால் அவர்கள் உடனே சைலன்சர் பிடிமானத்தைப் பார்க்கிறார்கள். இரண்டாவது, பின் சைலன்சருக்குள் துளைக் குழாயைச் சுற்றி அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சைத் தேய்ந்துபோகும் பொருளாகவே கருதுகிறார்கள். 2-ஸ்ட்ரோக் வண்டியில் ஒயிலும் சேர்ந்து எரிவதால் அந்தப் பஞ்சு ஒயிலில் ஊறிக் கருகிவிடும். சத்தம் கூடினால் முழு சைலன்சரையும் எறியாமல், ஆணியைக் கழற்றிப் பஞ்சை மட்டும் மாற்றுகிறார்கள். மூன்றாவது, அடிபட்டு நசுங்கிய குழாயை அப்படியே விடுவதில்லை. 2-ஸ்ட்ரோக் வண்டியில் வளைவுக் குழாயின் வயிறு போன்ற பகுதி புகையின் அலையைத் திருப்பி அனுப்பி என்ஜினுக்குப் பலம் தருகிறது. அது நசுங்கினால் மேட்டில் இழுவை குறையும். நம் ஆட்கள் கார்பரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நமது தோட்டங்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை 4-ஸ்ட்ரோக். அவற்றின் சைலன்சரில் பஞ்சுக்குப் பதிலாக இரும்புத் தடுப்புகளே இருக்கும். அதைத் திறக்க முடியாது. வெளி உடம்பைக் காப்பதுதான் வழி.

எப்படிப் பரிசோதிப்பது?

மாதம் ஒரு தடவை, வண்டி ஆறியிருக்கும்போது, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐந்து இடங்கள் முக்கியம்.

1. என்ஜினோடு குழாய் சேரும் மூட்டு. அங்கே கேஸ்கட் வளையம் இருக்கும். சுற்றிலும் கரிக் கோடு தெரிந்தால் புகை கசிகிறது.
2. வளைவுக் குழாயும் சைலன்சர் டப்பாவும் சேரும் இடம். கிளாம்ப் தளர்ந்திருக்கும்.
3. டப்பாவின் அடிப்பக்கம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உக்கிவிட்டது.
4. சட்டத்தில் பிடித்திருக்கும் தட்டும் போல்டும். அதிர்வால் வெல்டிங் வெடித்திருக்கும்.
5. உள்ளே இருக்கும் தடுப்பு. மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் கலகலவென்று சத்தம் வந்தால் உடைந்திருக்கிறது.

பிறகு வெளியே வைத்து ஸ்டார்ட் செய்து, சூடேறும் முன்னரே சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. பெரிய ஆள் ஒருவர் ஈரச் சாக்குத் துணியை மடித்து, நுனிக் குழாயில் ஒரு நொடி மட்டும் பொத்திப் பார்க்கலாம். நல்ல சைலன்சராயின் துணியைத் தள்ளும். ஓட்டை இருந்தால் "உஸ்" என்று வேறு இடத்தில் சத்தம் கேட்கும். இறக்கத்தில் கைப்பிடியை விட்டதும் பட பட என்று வெடித்தாலும் முன் மூட்டைச் சந்தேகிக்கலாம்.

கழற்றும்போது

சைலன்சரைக் கழற்றுவது கஷ்டமான வேலையல்ல. ஆனால் அவசரம் கூடாது. என்ஜின் முற்றாக ஆற வேண்டும். என்ஜினில் உள்ள இரண்டு ஸ்டட்களும் சூட்டினால் இறுகியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஒயில் விட்டு வையுங்கள். பெரிய ஸ்பேனரைப் போட்டு ஒரேயடியாகத் திருகினால் ஸ்டட் உடைந்து அலுமினிய ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதைத் துளைத்து எடுக்கிற கூலி, சைலன்சர் ஒட்டுகிற கூலியைவிடக் கூடிவிடும். கொஞ்சம் அவிழ்த்து, கொஞ்சம் இறுக்கி, திரும்ப அவிழ்த்து என்று முன்னும் பின்னுமாகச் செய்தால் துரு விட்டுக் கொடுக்கும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் குழாயில் ஒரு வயர் மாட்டியிருக்கும். அது புகையை அளக்கும் சென்சர். அதன் இணைப்பை முதலில் கழற்றாமல் இழுத்தால் அறுந்துவிடும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுங்கள். பழைய வகைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதன் தூளும், கண்ணாடிப் பஞ்சுத் தூளும் நெஞ்சுக்குக் கெடுதி. வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

ஒட்டுவதா, மாற்றுவதா?

கேஸ்கட் மட்டும் போயிருந்தால் புது வளையம் போட்டால் போதும். எல்லாவற்றிலும் குறைந்த செலவு இதுதான். ஒரு தடவை கழற்றினால் பழைய வளையத்தைத் திரும்பப் போடக்கூடாது, நசுங்கின வளையம் பிடிக்காது.

ஓட்டை ஒரே இடத்தில், சுற்றியுள்ள இரும்பு கெட்டியாக இருந்தால் ஒட்டுப் போடலாம். சுத்தியலால் இலேசாகத் தட்டும்போது சுற்றிலும் உதிர்ந்தால் ஒட்டுப் போடுவது வீண். இன்று ஒரு ஒட்டு, அடுத்த மாதம் அதன் பக்கத்தில் இன்னொரு ஒட்டு என்று மூன்று தடவை கூலி கொடுத்தால் புது சைலன்சரின் விலைக்குக் கிட்டப் போய்விடும். உள்தடுப்பு உடைந்திருந்தாலும் மாற்றுவதே நல்லது.

அவசரத்துக்குச் சிலர் பால்மா டின்னை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டுகிறார்கள். டவுன் கராஜுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் அது உதவும். அதையே நிரந்தரமாக வைத்திருக்கக்கூடாது. வீட்டில் உடைந்த சாமான் ஒட்டுகிற பசை, எபொக்சி மாவு போன்றவை சைலன்சர் சூட்டைத் தாங்கமாட்டா. கருகி உதிர்ந்துவிடும், எரியும்போது வரும் புகையும் கெடுதி. சைலன்சருக்கென்றே விற்கும் சூடு தாங்கும் பசை வேறு. அதுவும் மூட்டுக் கசிவுக்குத்தான். உக்கின இரும்புக்கு அல்ல.

வெல்டிங் செய்யும்போது

இங்கேதான் விபத்துகள் வருகின்றன. கவனமாக வாசியுங்கள்.

சைலன்சரை வண்டியிலிருந்து கழற்றி, பெற்றோல் டாங்கிக்குத் தூரமாக வைத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியில் பூட்டியபடியே செய்யச் சொல்லி அவசரப்படுத்தக்கூடாது. பெற்றோல் ஆவி தீப்பிடிக்கும்; பற்றரியும் மின்சாமான்களும் பழுதாகும்.

2-ஸ்ட்ரோக் சைலன்சருக்குள் ஒயில் கரி படிந்திருக்கும். சூடேறினால் உள்ளே தீப்பிடிக்கும். இரண்டு பக்க வாயும் திறந்திருக்க வேண்டும். வாயை அடைத்துக்கொண்டு சூடேற்றினால் வெடிக்கக்கூடும். கரியை எடுக்க கோஸ்டிக் சோடா ஊற்றுகிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. அது தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். அலுமினியத்தில் பட்டால் தீப்பிடிக்கக்கூடிய வாயுவும் கிளம்பும். வீட்டில் செய்யவே வேண்டாம். பஃபிளைக் கழற்றக்கூடிய வண்டியாயின் இரும்புத் தூரிகையால் சுரண்டினால் போதும்.

ஒட்டுப் போடுவதற்குக் கையில் கிடைத்தது கூரைத் தகரம் என்று அதை வெட்டிக் கொடுக்காதீர்கள். அதில் நாகப் பூச்சு இருக்கிறது. வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் நெஞ்சு வலியும் வரும். பூச்சில்லாத இரும்புத் தகடுதான் வேண்டும். சைலன்சரில் பளபளக்கும் குரோம் பூச்சையும் ஒட்டுப் போடும் இடத்தில் அராவி எடுத்துவிட வேண்டும். அராவும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். உக்கின பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டிவிட்டுத்தான் தகட்டை வைக்க வேண்டும். மெல்லிய தகட்டில் தடித்த வெல்டிங் குச்சியைப் போட்டால் ஓட்டை பெருகும். காஸ் வெல்டிங்காரரிடம் போவது நல்லது.

புதிது வாங்கும்போது

வண்டியின் மொடல், வருடம் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். பழைய சைலன்சரைக் கையோடு கொண்டுபோய் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது. குழாயின் அளவு, போல்ட் துவாரம், உள்ளே பஃபிள் இருக்கிறதா, பின் பிரேக்கில் முட்டுமா என்று பாருங்கள். இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். பில் எடுங்கள். பழைய உடைசல் சாமானைச் சாயம் பூசி விற்பவர்களும் உண்டு. தூக்கிப் பார்த்து, கவிழ்த்துக் குலுக்கினால் தெரிந்துவிடும்.

புதிய வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி ஒன்றும் குழாய்க்குள் இருக்கும். அதை வெட்டி எடுத்தால் வண்டி இலேசாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

பூட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, குழாய் சரியாக உட்கார்ந்த பிறகு முன் மூட்டின் இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் பின் போல்ட். சைலன்சரை வளைத்து இழுத்துப் பூட்டினால் சில மாதத்தில் பிடிமானம் வெடிக்கும். நூறு கிலோமீற்றர் ஓடி ஆறிய பிறகு இன்னொரு தடவை இறுக்க வேண்டும்.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை

"பஃபிளைக் கழட்டினா பவர் கூடும் அண்ணே" என்று தம்பிமார் சொல்வதைக் கேட்கிறோம். சத்தம் கூடுவதால் பவர் கூடியது போல மனசுக்குத் தோன்றுகிறது. சாதாரண வண்டியின் என்ஜினும் கார்பரேட்டரும் அந்தப் பஃபிளோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டவை. அதை எடுத்தால் பெற்றோல் கலவை மாறி என்ஜின் அளவுக்கு மேல் சூடாகலாம். மேட்டில் மெதுவாக ஏறும்போது இழுவையும் குறையலாம்.

லயம் என்பது பத்துப் பன்னிரண்டு குடும்பம் ஒரே கூரையின் கீழ் வாழும் இடம். இராத்திரி பத்து மணிக்கு அந்தச் சத்தத்தோடு வண்டி வந்தால் யார் யார் விழிக்கிறார்கள்? தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகத் தூங்குகிறவர். கைக்குழந்தையை அப்போதுதான் தூங்க வைத்த தாய். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளை உங்கள் தங்கச்சியாகவும் இருக்கலாம். சத்தத்தால் பெருமை வராது தம்பி. பொலிஸார் மறித்தால் தண்டப் பணம்தான் வரும்.

சைலன்சர் சூடு பட்டால்

ஓடி வந்து நின்ற வண்டியின் சைலன்சரில் கால் வைத்துப் பொசுங்காத பிள்ளை தோட்டத்தில் குறைவு. வண்டியைச் சைலன்சர் பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். சூடு பட்டால் உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். கொலுசு இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். பற்பசை, எண்ணெய், தேயிலைச் சக்கை, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, மூட்டில் பட்டிருந்தாலோ வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும்.

கூடிப் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. சைலன்சரின் மூன்று வேலைகள் எவை?
2. குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர் ஏன் உள்ளிருந்து உக்குகிறது?
3. அடியில் உள்ள எந்த ஓட்டையை அடைக்கக்கூடாது?
4. கூரைத் தகரத்தை ஒட்டுக்கு ஏன் பாவிக்கக்கூடாது?
5. நமது லயத்தில் இஸ்தோப்புக்குள் வண்டி ஸ்டார்ட் செய்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்களோடு சண்டையில்லாமல் எப்படிப் பேசலாம்?

ஐந்தாவது கேள்விக்குப் புத்தகத்தில் விடை இல்லை. லயத்து ஆட்கள் கூடித்தான் சொல்ல வேண்டும். இரவில் வண்டிகளைப் பாதுகாப்பாக வைக்க லயத்து முனையில் எல்லோரும் சேர்ந்து ஒரு சின்னக் கொட்டகை போட்டுக்கொண்டால், களவுப் பயமும் போகும், புகையும் வீட்டுக்குள் வராது. தோட்ட நிர்வாகத்திடம் இடம் கேட்டு, சிரமதானமாகச் செய்யக்கூடிய வேலை இது. இந்த மாதம் பெரட்டு முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை குனிந்து சைலன்சரைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.